பழைய நிரலைத் திருத்தும் முன் அது இன்று செய்வதைப் பதிவு செய்யுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வணிகர்களுக்கும் பண்டகசாலைகளுக்கும் பில் போடுவது, இருப்புக் கணக்கு வைப்பது, வரிக் கணக்கு எடுப்பது ஆகியவற்றுக்கான மென்பொருள்களை எழுதியும் பராமரித்தும் கோயம்புத்தூரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிழைப்பு நடத்தி வருகிறேன். தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தையும் கல்விப் பக்கத்தையும் தவறாமல் படிப்பவன். மென்பொருள் பற்றி அவற்றில் வரும் செய்திகள் பெரும்பாலும் புதிதாக எழுதப்படுபவற்றைப் பற்றியே இருக்கின்றன. ஏற்கெனவே எழுதப்பட்டுப் பத்துப் பதினைந்து ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களை இன்றைய எழுத்து முறைக்கும் இன்றைய சோதனை முறைக்கும் கொண்டுவரும் வேலையைப் பற்றி ஒரு வரி கூடக் கண்ணில் படுவதில்லை. ஆனால் எங்களில் பலருக்கு அன்றாடம் சோறு போடுவது அந்த வேலைதான். அதில் நாங்கள் திரும்பத் திரும்பச் செய்யும் ஒரு தவற்றைப் பற்றி எழுத விரும்புகிறேன். நிரலின் தோற்றத்தை முதலில் திருத்துகிறோம். அந்த நிரல் இன்றைய தேதியில் என்ன செய்கிறது என்று பதிவு செய்வதைக் கடைசிக்குத் தள்ளுகிறோம், பல வேளைகளில் செய்யாமலே விட்டுவிடுகிறோம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பைத்தான் என்னும் நிரல் மொழியின் மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரில் வெளியானது. இரண்டாம் பதிப்பில் எழுதிய நிரல்கள் அதில் அப்படியே ஓடா என்று தெரிந்தேதான் அதை வெளியிட்டார்கள். இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2015-இல் முடியும் என்று முதலில் சொல்லியிருந்தவர்கள், மாறாமல் கிடந்த நிரல்களின் அளவைப் பார்த்து 2014-இல் அந்தக் கெடுவை 2020-க்குத் தள்ளி வைத்தார்கள். இப்படிப் பதினோரு ஆண்டு அவகாசம் இருந்தும், அப்போது நான் பணியாற்றிய நிறுவனம் 2019-இன் கடைசி மாதங்களில்தான் விழித்துக்கொண்டது. 2007-இல் எழுதப்பட்ட ஒரு பண்டகசாலையின் பில் மென்பொருளை மூன்றாம் பதிப்புக்கு மாற்றும் பொறுப்பு என்னிடமும் ஓர் இளைஞரிடமும் வந்தது.

அந்த நிரலைத் திறந்து பார்த்தபோது எங்களுக்கு முதலில் எழுந்தது அருவருப்பு என்றே சொல்ல வேண்டும். ஒரே செயற்கூறு, அதாவது ஒரு வேலையைச் செய்யப் பெயரிட்டு எழுதும் நிரல் துண்டு, எழுநூறு வரி நீண்டிருந்தது. மதிப்புகளைத் தாங்கும் மாறிகளுக்கு அ, ஆ என்பதுபோல் ஓரெழுத்துப் பெயர்கள். வாட் வரி வந்த காலத்து 12.5 விழுக்காடு, பின்பு வந்த 14.5 விழுக்காடு, 2017 ஜூலை 1 முதல் வந்த ஜிஎஸ்டி விகிதங்கள் என ஒவ்வொரு வரி மாற்றமும் ஆற்றுப் படுகையில் வண்டல் படிந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, பழையவை கணினி கண்டுகொள்ளாத குறிப்புரைகளாக்கப்பட்டு அங்கேயே கிடந்தன. சோதனை நிரல் என்று ஒன்றுகூட இல்லை. பைத்தானுக்கான எழுத்து நடை வழிகாட்டி 2001-இலேயே வந்துவிட்டது. சோதனை எழுதுவதற்கான யூனிட்டெஸ்ட் என்னும் தொகுப்பும் அதே ஆண்டில் மொழியோடு சேர்ந்தே வரத் தொடங்கிவிட்டது. இரண்டையும் அந்த நிரலை எழுதியவர் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

நாங்கள் செய்தது இதுதான். பழைய பதிப்பு நிரலைப் புதிய பதிப்புக்கு மாற்ற அப்போது மொழியோடு வந்த மாற்றுக் கருவியை ஓடவிட்டோம். அது அச்சிடும் கட்டளைகளையும் பிழை பிடிக்கும் கட்டளைகளையும் புதிய இலக்கணத்துக்கு மாற்றித் தந்தது. பிறகு வரிகளை அழகாக மடித்தோம், மாறிகளுக்கு நல்ல பெயர் வைத்தோம், எழுநூறு வரிச் செயற்கூற்றைப் பதினெட்டாகப் பிரித்தோம். மூன்று வாரத்தில் நிரல் கண்ணுக்குக் குளிர்ச்சியாக மாறியது. எங்கள் கணினியில் பத்து பில் போட்டுப் பார்த்தோம், பத்தும் சரியாக வந்தன. ஒரு திங்கட்கிழமை காலையில் கடையில் ஏற்றிவிட்டு நிம்மதியாக வீடு திரும்பினோம்.

மூன்றாம் நாள் மாலை, அந்தப் பண்டகசாலையின் கல்லாவில் பல ஆண்டுகளாக அமர்ந்திருந்த அம்மையார் தொலைபேசியில் அழைத்தார். நேரில் போனபோது இரண்டு பில்களை மேசைமேல் அருகருகே வைத்துக் காட்டினார். "ஏனுங்க தம்பி, எட்டணா வந்தா மேல ஏத்திப் போடறதுதானுங்களே வழக்கம்? இதுல ஏத்தியிருக்குது, இதுல எறக்கியிருக்குது. நான் கையில கூட்டுன கணக்குக்கும் பெட்டிக்கும் தினமும் நாலஞ்சு ரூபா ஒதைக்குதுங்க" என்றார். ஒரு பில்லில் 113 ரூபாய் 50 காசு 114 ஆகியிருந்தது. மற்றொன்றில் 112 ரூபாய் 50 காசு 112 ஆகியிருந்தது.

அன்று இரவு பத்து மணி வரை அதைத் தேடினேன். பைத்தானின் இரண்டாம் பதிப்பில் எண்ணை முழுமையாக்கும் செயற்கூறு, அரை வந்தால் நம் கடைத்தெரு வழக்கப்படி மேலே ஏற்றும். மூன்றாம் பதிப்பில் அதே பெயருள்ள செயற்கூறு, அரை வந்தால் பக்கத்தில் உள்ள இரட்டைப்படை எண்ணுக்குப் போகும். ஏராளமான எண்களைக் கூட்டும்போது பிழை ஒரே பக்கமாகச் சேர்ந்துவிடாமல் இருக்க அது நல்ல முறைதான், கணக்கியலில் நெடுங்காலமாக வழங்கி வரும் முறையும்கூட. ஆனால் அந்தக் கடையின் வழக்கம் அதுவன்று. மாற்றுக் கருவி இதைத் தொடவில்லை. தொடவும் முடியாது, ஏனென்றால் இலக்கணத்தில் எந்த மாற்றமும் இல்லை. அதே சொல், அதே அடைப்புக்குறி, வேறு விடை. நாங்கள் போட்டுப் பார்த்த பத்து பில்களில் ஒன்றுகூட ஐம்பது காசில் முடியவில்லை.

அத்தோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். அதே வாரத்தில் இன்னொன்று வெளிப்பட்டது. உறுப்பினர் பெயரை பில்லில் அச்சிடும் இடத்தில், பெயரின் முதல் 30 இடங்களை மட்டும் எடுத்துக்கொள் என்று பழைய நிரலில் எழுதியிருந்தது. எங்கள் இளைஞர் அந்த 30-ஐப் பெயர் நீளம் என்று கருதி, அதற்கு ஒரு நல்ல ஆங்கிலப் பெயரும் சூட்டி, தனியே ஒரு மாறிலியாக எடுத்து வைத்திருந்தார். உண்மையில் அது எழுத்தின் எண்ணிக்கையே அன்று. இரண்டாம் பதிப்பில் சாதாரணச் சரம், அதாவது எழுத்துத் தொடர், என்பது பைட்டுகள் என்னும் சிறு சேமிப்பு அலகுகளின் வரிசை. தமிழ் யூனிகோடு எழுத்துக்குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப் 8 என்னும் சேமிப்பு முறையில் மூன்று பைட்டு பிடிக்கும். ஆக 30 என்பது பத்துக் குறிகள். மூன்றின் மடங்காகத் தேர்ந்ததால் எந்தக் குறியும் நடுவில் அறுபடாமல் அச்சாகியிருக்கிறது. முகம் தெரியாத அந்தப் பழைய நிரலாளர் இதை யோசித்துத்தான் 30 என்று போட்டிருக்கிறார். ஏன் என்று மட்டும் எழுதி வைக்கவில்லை. மூன்றாம் பதிப்பில் சரம் என்பது யூனிகோடு குறிகளின் வரிசையாகிவிட்டதால், பத்தாக இருந்தது உண்மையிலேயே முப்பதாகிவிட்டது. நீண்ட பெயர்கள் தொகைக் கட்டத்துக்குள் ஏறி அச்சாகத் தொடங்கின.

சரி என்று 30-ஐ 10 ஆக்கினோம். அப்போதுதான் வேறொன்றைக் கண்டோம். கிருஷ்ணமூர்த்தி என்ற பெயரை நாம் எட்டு எழுத்தாக எண்ணுவோம். கணினி புள்ளியையும் உயிர்மெய்யின் துணைக்குறியையும் தனித்தனியே எடுத்து அதைப் பதினைந்து குறியாக எண்ணும், பழைய நிரல் நாற்பத்தைந்து பைட்டாக எண்ணும். பத்துக் குறியில் வெட்டினால், மூ வரைக்கும் சரியாக வந்து, அடுத்த ர் தன் புள்ளியை இழந்து 'கிருஷ்ணமூர' என்று நிற்கும். பழைய நிரலிலும் அப்படித்தான் அச்சாகி வந்திருக்கிறது என்பதைப் பழைய பில் கட்டைப் புரட்டிப் பார்த்த பிறகே உணர்ந்தோம். பன்னிரண்டு ஆண்டுகளாக ஒருவர் தம் பெயரைப் புள்ளியின்றியே வாங்கிச் சென்றிருக்கிறார். இது பழைய பிழை, முன்னது நாங்கள் புகுத்திய புதுப் பிழை. எது எது என்று பிரித்துச் சொல்ல எங்களிடம் எந்தப் பதிவும் இல்லாததுதான் உண்மையான இடர்ப்பாடு.

ஆகவே மறுவாரம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் தொடக்கத்திலிருந்து தொடங்கினோம். பழைய நிரலை ஒரு தனிக் கணினியில் அப்படியே ஏற்றினோம். கடையின் ஓராண்டு பில்களிலிருந்து முந்நூறைப் பொறுக்கி எடுத்தோம். பொறுக்கியவை எப்படிப்பட்டவை என்பது முக்கியம்: ஐம்பது காசில் முடிந்தவை, சரக்குத் திரும்பியவை, தள்ளுபடி இருந்தவை, மிக நீண்ட பெயருடையவை, ஒரே பில்லில் இரண்டு வரி விகிதம் வந்தவை, டஜன் கணக்கில் விற்றவை. இந்தக் கடைசி வகையைத் தேர்ந்ததற்குக் காரணம், இருபத்தைந்தைப் பன்னிரண்டால் வகுத்தால் இரண்டாம் பதிப்பு இரண்டு என்று மட்டும் சொல்லும், மூன்றாம் பதிப்பு பின்னத்தோடு சொல்லும். ஒவ்வொரு பில்லுக்குமான உள்ளீட்டைப் பழைய நிரலுக்குக் கொடுத்து, அது அச்சிட்டதை ஒரு கோப்பில் எழுதி வைத்தோம். பிறகு அதே உள்ளீட்டைப் புதிய நிரலுக்குக் கொடுத்து, இரண்டையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் சிறு நிரல் ஒன்றை எழுதினோம்.

இந்த வகைச் சோதனையின் இயல்பை நிறுவன உரிமையாளர்கள் புரிந்துகொள்ள வேண்டும். வழக்கமான சோதனை, நிரல் சரியாக இருக்கிறதா என்று கேட்கும். இது, நிரல் நேற்று இருந்தபடியே இன்றும் இருக்கிறதா என்று மட்டுமே கேட்கும். புள்ளியில்லாத கிருஷ்ணமூர்த்தியையும் இது அப்படியே பதிவு செய்யும். பலருக்கு இது மனத்துக்கு ஒவ்வாது, பிழை என்று தெரிந்தும் அதைச் சோதனைக்குள் எழுதி வைப்பதா என்று கேட்பார்கள். எழுதி வைக்கத்தான் வேண்டும். சரக்குத் திரும்பி வந்த பில்களில் பழைய நிரல் தொகையை முழுமையாக்காமல் காசோடு அச்சிட்டு வந்ததை இந்த ஒப்பீட்டில்தான் கண்டோம். பிழை என்று எண்ணித் திருத்தப் போனபோது, அந்தக் காசு வித்தியாசத்தை வைத்துத்தான் திரும்பிய சரக்கைத் தனியே பிரித்தெடுப்பதாகக் கடையின் கணக்கர் சொன்னார். நிரலின் பிழை ஒருவருடைய வேலைமுறைக்குள் போய்க் குடியேறிவிட்டிருந்தது. கேட்காமல் திருத்தியிருந்தால் அவர் மாதக் கணக்கு முடிக்க முடியாமல் தவித்திருப்பார். பழைய பிழைகளை ஒன்றொன்றாக, கடைக்காரரைக் கேட்டு, தேதி போட்டு, சோதனைக் கோப்பிலும் மாற்றி, பிறகே திருத்தினோம். பணத் தொகைகளை எல்லாம் தசமக் கணக்குக்கு மாற்றி, அரை வந்தால் மேலே ஏற்று என்று வெளிப்படையாகவே எழுதினோம். அந்த அம்மையாரின் கைக்கணக்கும் பெட்டியும் அதன் பிறகு ஒத்துப்போயின.

எழுத்து நடையைச் சீர்செய்வதை நான் இகழவில்லை. சீரான நடையில் உள்ள நிரலைப் படிக்க எளிது; படிக்க எளிதான நிரலில் பிழையைக் காண்பதும் எளிது. ஆனால் அதைத் தனியே செய்ய வேண்டும். நடையைத் திருத்தும் மாற்றத்தையும் நடத்தையைத் திருத்தும் மாற்றத்தையும் ஒரே கமிட்டில், அதாவது ஒரே முறையில் பதிவு செய்யும் மாற்றத் தொகுப்பில், கலந்துவிட்டால், ஆயிரம் வரி இடைவெளி மாற்றத்துக்கு நடுவே மறைந்திருக்கும் ஒரு வரி உண்மை மாற்றத்தை, சக நிரலாளர் படித்துச் சரிபார்க்கும் எந்தக் கோட் ரிவியூவும் கண்டுபிடிக்காது. இப்போது கிடைக்கும் தானியங்கி நடை திருத்திகளில் பிளாக் போன்றவை, தாம் திருத்திய பின்னும் நிரலின் இலக்கண அமைப்பு மாறவில்லை என்று தாமே சரிபார்த்துக்கொள்கின்றன; அத்தகைய கருவியிடம் அந்த வேலையை முழுமையாக ஒப்படைத்துவிட்டு, மனிதர் கை வைக்காமல் இருப்பதே நல்லது. இந்த வரியை யார், எப்போது, ஏன் எழுதினார்கள் என்று பார்க்கும் வசதி பெருந்திருத்தத்தால் பாழாகிவிடும் என்று அஞ்சுவோரும் உண்டு. அதற்கும் வழி இருக்கிறது. நிரலின் மாற்ற வரலாற்றைக் காத்து வைக்கும் கிட் என்னும் மென்பொருளில், 2019 ஆகஸ்டில் வந்த 2.23 பதிப்பு முதல், குறிப்பிட்ட கமிட்டுகளைக் கணக்கில் எடுக்காமல் வரலாற்றைக் காட்டும்படி ஒரு கோப்பில் குறித்து வைக்கலாம். எங்கள் ஊர் நிறுவனங்களில் இந்த ஒரு வசதியை அறியாதவர்களை இன்றும் சந்திக்கிறேன்.

சோதனை நிரலுக்கும் வயதாகும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். யூனிட்டெஸ்டில் இரண்டு மதிப்புகள் சமமா என்று கேட்கும் கட்டளைக்குப் பழைய பெயர் ஒன்றும் புதிய பெயர் ஒன்றும் நெடுநாள் சேர்ந்தே வழங்கின. 2023-இல் வந்த பைத்தான் 3.12 பழைய பெயரை நீக்கிவிட்டது. பழைய பெயரை நம்பியிருந்த சோதனைகள் அன்றோடு ஓடாமல் நின்றன. அப்படி நின்ற சோதனைகளைச் சரிசெய்யாமல் ஒதுக்கி வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்த இடங்களை அறிவேன். பெயரை மாற்ற ஒரு மணி நேரம் போதும். ஒதுக்கி வைத்த சோதனை திரும்பி வருவதேயில்லை.

பில்லில் ஒரு ரூபாய் கூடுவதும் குறைவதும் பெரிய செய்தியா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். இதே தவறு பெரிய இடத்தில் நேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் சான்று. அங்கே பவர் பெக் என்றொரு பழைய நிரல் பகுதி 2003-க்குப் பிறகு பயன்பாட்டில் இல்லை. ஆனால் யாரும் அதை அழிக்கவில்லை. கேட்ட அளவு பங்குகள் கிடைத்து முடிந்துவிட்டனவா என்று எண்ணும் பகுதியை 2005-இல் நிரலின் வேறோர் இடத்துக்கு நகர்த்தினார்கள். நகர்த்திய பின் பவர் பெக் இன்னும் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறதா என்று சோதிக்கவில்லை. 2012-இல் ஒரு புதிய வசதிக்காக, முன்பு பவர் பெக்கை இயக்கிய அதே சுவிட்சுக் குறியை மறுபடி பயன்படுத்தினார்கள். புதிய நிரலை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டியிருக்க, ஒன்றில் விட்டுப்போனது. ஆகஸ்ட் 1 காலையில் சந்தை திறந்ததும் அந்த ஒரு சர்வரில் பழைய நிரல் உயிர்பெற்று, எண்ணிக்கை தெரியாததால் நிறுத்தவும் தெரியாமல் பங்கு வர்த்தக ஆணைகளைச் சந்தைக்கு அனுப்பித் தள்ளியது. 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் நட்டம். இவை எல்லாம் அந்நாட்டுப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2013 அக்டோபரில் பிறப்பித்த ஆணையில் பதிவாகியுள்ளன.

அந்த ஆணையைப் படித்தபோது என்னை அதிகம் உறுத்தியது 2012-இன் விபத்தைவிட 2005-இன் அந்தச் சிறிய இடமாற்றம்தான். அதைச் செய்தவரும் என்னைப் போல் நிரலை ஒழுங்குபடுத்தும் நல்லெண்ணத்தில்தான் செய்திருப்பார். ஏழு ஆண்டுகள் அதன் விளைவு வெளியே தெரியவில்லை. பயன்படாத நிரலை அழித்திருந்தாலும், அழிக்காத நிரலுக்கு ஒரு சோதனை எழுதியிருந்தாலும் அந்த நாள் வேறு மாதிரி இருந்திருக்கும்.

இத்தனை தொல்லைக்கு எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதலாமே என்று உரிமையாளர்கள் கேட்கிறார்கள், இளைஞர்களும் அதையே விரும்புகிறார்கள். நெட்ஸ்கேப் நிறுவனம் 1998-இல் தன் உலாவியைப் பெரும்பாலும் புதிதாக எழுத முடிவெடுத்தது. ஐந்தாம் பதிப்பு வெளிவரவேயில்லை. ஆறாம் பதிப்பு 2000 நவம்பரில் வந்தபோது சந்தை கைமாறியிருந்தது. புதிதாக எழுதுபவருக்கு அந்த 30 எதற்கென்று தெரியாது, எட்டணா வழக்கம் தெரியாது, கணக்கர் காசு வித்தியாசத்தை நம்பியிருப்பதும் தெரியாது. பழைய நிரலின் அசிங்கமான வரிகளில் கணிசமானவை, யாரோ ஒரு வாடிக்கையாளர் ஒரு நாள் வந்து சொன்ன குறைக்கான விடைகள்.

இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பழைய நிரலை நொடிகளில் புதிய நடைக்கு மாற்றித் தருகின்றன. நானும் அவற்றைப் பயன்படுத்துகிறேன். உழைப்பை வெகுவாகக் குறைக்கின்றன. ஆனால் நாங்கள் மூன்று வாரத்தில் செய்த தவற்றை மூன்று நிமிடத்தில் செய்யும் ஆற்றலும் அவற்றுக்கு உண்டு. அக்கருவியையே சோதனையும் எழுதச் சொன்னால், அது மாற்றிய நிரலைப் பார்த்து அதற்கு ஏற்றபடி சோதனை எழுதித் தரக்கூடும். அப்போது சோதனைகள் எல்லாம் தேறும், கல்லாவில் கணக்கு உதைக்கும். ஒப்பிட வேண்டிய பழைய விடைகள், பழைய நிரல் உண்மையில் ஓடியபோது தந்தவையாக இருக்க வேண்டும். அவற்றைச் சேகரிக்கக் கடைக்குத்தான் போக வேண்டும்.

இதற்கு ஆகும் செலவைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். முந்நூறு பில்களைப் பொறுக்கி, பழைய நிரலை ஓடவைத்து, ஒப்பீட்டை அமைக்க எங்கள் இருவருக்கும் ஏறத்தாழ ஒரு மாதம் பிடித்தது. அந்த ஒரு மாதத்துக்கு வாடிக்கையாளரிடம் கட்டணம் கேட்க எங்கள் நிறுவனம் தயங்கியது, ஏனென்றால் காட்டுவதற்குப் புதிய திரை ஒன்றும் இல்லை. விலைப்புள்ளி எழுதும்போதே பழைய நடத்தையைப் பதிவு செய்தல் என்று ஒரு தனி வரி போட்டு, அதற்கொரு தொகை குறித்து, அது ஏன் என்று வாடிக்கையாளருக்கு விளக்கிவிட வேண்டும். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். முந்நூறு பில் கதையைச் சொன்னால் மறுப்பவர் குறைவு. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறி, 12, 28 விழுக்காடுகள் பெரும்பாலான பொருள்களுக்கு மறைந்து, 5, 18 என்று நின்றபோது, இப்படிச் சோதனை அமைத்த கடைகளில் வேலை ஒரே நாளில் முடிந்தது. எந்தெந்த பில் மாற வேண்டுமோ அவை மட்டும் மாறின என்பதை அன்று மாலையே கடைக்காரருக்குத் தாளில் எடுத்துக் காட்ட முடிந்தது. சோதனை இல்லாத கடைகளில் அந்த வாரம் முழுவதும் இரவுகளில் உட்கார்ந்தோம்.

கடைசியாக, கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். வேலைக்கு நேர்காணல் செய்யும் பிள்ளைகளிடம் நான் ஒரு பழைய நிரலின் இரண்டு பக்கத்தைக் கொடுத்து, இதை மாற்றுவதற்கு முன் என்ன செய்வாய் என்று கேட்பது வழக்கம். கெட்டிக்காரப் பிள்ளைகளும்கூடப் பேனாவை எடுத்துத் திருத்தத்தான் தொடங்குகிறார்கள். இதை ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்பவர் அரிது. ஆய்வகத்தில் அவர்கள் எழுதிய நிரல் எல்லாம் வெற்றுத் தாளில் தொடங்கியவை. அடுத்தவர் எழுதியதைப் படிக்கும் பயிற்சி அவர்களுக்குக் கொடுக்கப்படவேயில்லை. மூன்றாம் ஆண்டில் ஒரு பருவத்தின் ஆய்வகப் பயிற்சியையாவது, பழைய பதிப்பில் எழுதப்பட்ட இரண்டாயிரம் வரி நிரல் ஒன்றைக் கையில் கொடுத்து, முதல் மாதம் ஒரு வரியையும் மாற்றாமல் அது செய்வதை மட்டும் சோதனைகளாக எழுதச் சொல்லி, அடுத்த மாதம் புதிய பதிப்புக்கு மாற்றச் சொல்லி, கடைசி மாதம் நடையைத் திருத்தச் சொல்லி நடத்தலாம். மதிப்பெண்ணைப் புதிய நிரலின் அழகுக்கு வழங்காமல், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் வந்த விடைகளின் ஒப்பீட்டுக்கு வழங்கலாம். தமிழ்ப் பெயர்களை அகர வரிசைப்படுத்தும் நிரல் ஒன்றைக் கொடுத்தால் இன்னும் நல்லது. யூனிகோடு எண் வரிசைப்படி ழ, ள-வுக்குப் பின்னும், ற, ர-வுக்குப் பக்கத்திலும் வந்து நிற்பதை மாணவர்கள் கண்ணாரக் காண்பார்கள், பழைய நிரலாளர் அதற்காக எழுதி வைத்த கோணல்மாணலான வரிகளின் பொருளும் அவர்களுக்கு விளங்கும்.

இப்படிப் பயிற்சி நடத்த விரும்பும் கல்லூரிகளுக்கு, வாடிக்கையாளர் ஒப்புதலோடு பெயர்களையும் தொகைகளையும் நீக்கிய பழைய பில் நிரல் ஒன்றையும், அதற்கான முந்நூறு உள்ளீடுகளையும் இலவசமாகத் தர நான் அணியமாக இருக்கிறேன். கோவை மாவட்டத்துக்குள் என்றால் சனிக்கிழமைகளில் நேரில் வந்து முதல் இரண்டு வகுப்புகளை எடுக்கவும் இயலும். இந்தக் கடிதத்தைத் தங்கள் கல்விப் பக்கத்தில் வெளியிட்டு, ஆர்வமுள்ள ஆசிரியர்கள் தங்கள் அலுவலகம் வழியாக என்னைத் தொடர்புகொள்ள உதவுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மென்பொருள் பராமரிப்புப் பணியில் உள்ள வாசகர் ஒருவர்,
கோயம்புத்தூர்.